ஊடலா, அறப்பிரிவா? அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் இல்லறப் பூசலும் பொதுவறமும்

முன்னுரை

சூப்பர் ஹீரோ எனப்படும் மீயாற்றல் நாயகர்களைப் பற்றிய அமெரிக்கச் சித்திரக்கதைகள் தமிழ்த்துறைகளின் ஆய்வு எல்லைக்குள் அரிதாகவே வருகின்றன. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியை அறிமுகப்படுத்தியது முதல் தமிழில் சித்திரக்கதை வாசிப்பு மரபொன்று இருந்துவருகிறது. ஆயினும் அவ்வாசிப்பு சிறுவர் பொழுதுபோக்கு என்ற அளவில் ஒதுக்கப்பட்டுவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றி எழுதிவரும் ஒரு தொடர்கதை, தான் பிறந்த சமூகத்தின் அறச்சிக்கல்களைத் தன்னுள் பதிவுசெய்துகொண்டே வரும். அவ்வகையில் அது நம் கவனத்திற்கு உரியதே.

மார்வெல் நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘சிவில் வார்’ என்னும் ஏழு இதழ்த் தொடரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இதன் பெயரைத் தாங்கி 2016இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ திரைப்படத்தைத் தமிழ்நாட்டு இளைஞர் பலர் அறிவர். ஆனால் அப்படத்தில் மூலக்கதையின் ஒரு பாதி இல்லை. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பாத்திரங்களின் திரையுரிமை அப்போது வேறொரு நிறுவனத்திடம் இருந்தமையால், அக்குழுவின் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸும் அவன் மனைவி சூசனும் அதில் இடம்பெறவில்லை. விடுபட்ட அந்தப் பாதியில்தான் ஒரு சட்டத்தை முன்னிட்டு மனைவி கணவனை நீங்குகிறாள். ஒரு குடும்பமும் ஒரு குழுவும் ஒருசேர உடைகின்றன.

அவ்வுடைவு எவ்வாறு ஒட்டப்பட்டது என்பதே இங்கு வினா. சூசனின் பிரிவு பொதுவறம் சார்ந்தது. கதை அதனை இல்லற ஊடலாகத் திரித்து, ஊடல் தீர்ந்ததும் பொதுவறக் கணக்கும் தீர்ந்துவிட்டதுபோல் காட்டி முடிக்கிறது என்பது என் கருத்து. இக்குறை அமெரிக்கச் சித்திரக்கதைக்கு மட்டும் உரியதன்று. பெண்ணின் பொதுவெளிக் குரலை நாம் வாசிக்கும் முறையிலும் அது உண்டு. இதனை இறுதியில் சுட்டுவேன்.

குடும்பமாகப் பிறந்த குழு

ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் படைத்த நால்வர் குழுவின் முதல் இதழ் 1961 நவம்பர் எனத் தேதியிட்டு வெளிவந்தது. அறிவியலாளன் ரீட், அவனுக்கு மணம் பேசப்பட்டிருந்த சூசன், அவள் தம்பி ஜானி, ரீடின் நண்பனும் விமானியுமான பென் கிரிம் ஆகிய நால்வரும் விண்வெளிப் பயணத்தில் அண்டக்கதிர்கள் பட்டு மீயாற்றல் பெறுகின்றனர். முகமூடியும் மறைபெயரும் இன்றி நியூயார்க்கில் ஊரறிய ஒரே கட்டடத்தில் வாழ்கின்றனர்; ஓயாமல் சண்டையிட்டுக்கொள்கின்றனர். மற்றக் குழுக்கள் கடமையால் கூடியவை. இக்குழு உறவால் கூடியது. அதனால் இவர்களுக்கு வீட்டுச் சண்டை, குழுச் சண்டை என்ற வேறுபாடு தொடக்கத்திலிருந்தே இல்லை.

1965இன் ஆண்டு மலரில் ரீடும் சூசனும் மணம் புரிகின்றனர். 1968இன் ஆண்டு மலரில் மகன் ஃபிராங்க்லின் பிறக்கிறான். சூசனின் முதல் ஆற்றல் கண்ணுக்குப் புலப்படாமல் மறைவது. 1964இல்தான் பிறரைக் காக்கும் விசைக்கவசத்தை எழுப்பும் ஆற்றல் அவளுக்குச் சேர்க்கப்பட்டது. திருமணமாகித் தாயான பின்னும் ‘இன்விசிபிள் கேர்ள்’, அதாவது ‘புலப்படாச் சிறுமி’ என்றே அவள் வழங்கப்பட்டாள். ‘இன்விசிபிள் வுமன்’ என்ற பெயரை 1985இல் ஜான் பைர்ன் எழுதிய இதழில்தான் அவள் ஏற்கிறாள். சிறுமி பெண்ணாவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. பின்வரும் இரு பிரிவுகளையும் இப்பின்னணியோடு சேர்த்துக் காண்பது தகும்.

1973: தந்தையின் தீர்ப்பு

முதற்பிரிவு 1970களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. ரீடின் அதிகாரப் போக்கும் குடும்பத்தின்மீது அவன் கொண்ட புறக்கணிப்பும் பொறாமல் சூசன் மகனுடன் பிரிந்து வாழ்கிறாள். அவள் இடத்தில் மெடூசா என்பவள் குழுவில் சேர்கிறாள். இதுவரை இது இல்லறப் பூசல் மட்டுமே. 1973 டிசம்பர் தேதியிட்ட 141ஆம் இதழில் இது அறப்பூசலாகிறது. கட்டுமீறி வளரும் ஃபிராங்க்லினின் ஆற்றல் உலகையே அழித்துவிடக்கூடும் என்ற நிலையில், எவரையும் கலந்துகொள்ளாமல் ரீட் தன் மகன்மீதே ஒரு கருவியை ஏவி அவன் மனத்தைச் செயலிழக்கச் செய்கிறான். சிறுவன் உணர்வற்றுக் கிடக்க, சூசனும் ஜானியும் பென்னும் ரீடை விட்டு நீங்குகின்றனர்.

கெர்ரி கான்வே எழுதிய இவ்விதழின் வினா மிக நேரானது. பல கோடி உயிர்களைக் காக்க ஓர் உயிரை, அதுவும் தன்னை நம்பியிருக்கும் உயிரை, பலியிட ஒருவனுக்கு உரிமை உண்டா? உண்டெனின் அத்தீர்ப்பைத் தனியொருவனாக நின்று அவன் வழங்கலாமா? ரீடின் கணக்கு சரியாகவே இருக்கலாம். கணக்குப் போட்டவன் அவன் ஒருவனே என்பதில்தான் பிழை உள்ளது. குழந்தையின் தாய் அருகிலேயே நின்றும் அவளிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை.

இவ்வினாவிற்குக் கதை விடை கூறவில்லை. எட்டு இதழ்கள் கழித்து, 1974இல், கடலரசன் நேமோர் நிலவுலகின்மீது படையெடுக்கிறான். சூசன்பால் நெடுநாள் காதல் கொண்டிருந்த அவனே, பிரிந்த கணவனும் மனைவியும் இணையவேண்டும் என்பதற்காக அப்போரை நாடகமாக நடத்தினான் எனப் பின்னர் தெரிகிறது. அடுத்த இதழில் ஃபிராங்க்லின் தானாகவே உணர்வு பெற்று எழுகிறான். இல்லறப் பூசலைப் பொய்ப்போர் தீர்த்தது. அறப்பூசலைத் தற்செயல் தீர்த்தது. குழந்தை பிழைத்துக்கொண்டதால், ‘நீ செய்தது தகுமா’ என்று தாய் கேட்ட கேள்வி தேவையற்றதாகிவிட்டது. விளைவு நன்றாயின் செயலும் நன்றாகிவிடும் என்ற கோட்பாட்டை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதைப்பின்னல் அதைச் செய்து முடித்தது.

2006: இரு கடிதங்கள்

மார்க் மில்லர் எழுத, ஸ்டீவ் மெக்நிவன் வரைந்த ‘சிவில் வார்’ ஒரு பேரழிவுடன் தொடங்குகிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் குற்றவாளிகளைப் பிடிக்கச் சென்ற இளம் நாயகர்களின் பொறுப்பின்மையால், கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு பள்ளியருகே வெடிப்பு நேர்கிறது; குழந்தைகள் உட்பட அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். மீயாற்றல் உடையோர் அனைவரும் அரசிடம் தம் உண்மைப் பெயரைப் பதிந்து, அரசின் ஆணைக்குட்பட்டே இயங்கவேண்டும் எனச் சட்டம் இயற்றப்படுகிறது. டோனி ஸ்டார்க் சட்டத்தின் பக்கம். கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பக்கம். ரீட் ஸ்டார்க்குடன் சேர்கிறான். பதிய மறுப்போரை அடைக்க வேறொரு பரிமாணவெளியில் சிறை அமைக்கும் திட்டத்திலும், அங்கு இல்லாத தோர் கடவுளின் போலியுருவை ஆய்வகத்தில் உருவாக்கும் முயற்சியிலும் அவன் பங்கு பெரிது.

நான்காம் இதழில் அப்போலியுரு கட்டுமீறி, எதிர்ப்பக்கத்தில் நின்ற பில் ஃபாஸ்டரைக் கொன்றுவிடுகிறது. ஃபாஸ்டர் ஓர் கறுப்பின அறிவியலாளர். 1966 முதலே மார்வெல் கதைகளில் வருபவர். 1970களில் ‘பிளாக் கோலியாத்’ என்ற பெயரில் தனித்தொடர் பெற்றவர். பேருருவம் கொண்ட நிலையிலேயே இறந்ததால் அவர் உடலைச் சுருக்க இயலவில்லை. 38 கல்லறை மனைகளை வாங்கி அவரைப் புதைக்கின்றனர். அதற்கான பணத்தைத் தருபவன் ஸ்டார்க். ஓர் உயிருக்குப் பொறுப்பேற்க மறுத்தவர்கள் அதன் அடக்கச் செலவை ஏற்றனர் என்று காட்டும் இந்த இடம், இத்தொடரின் மிகக் கூரிய இடங்களுள் ஒன்று.

கொலை நிகழ்ந்த களத்தில் சூசன் தன் பக்கத்தை மாற்றிக்கொள்கிறாள். போலியுருவின் அடுத்த தாக்குதலிலிருந்து எதிர்ப்பக்கத்தாரைக் காத்துத் தப்பவிடுவது அவள் எழுப்பிய விசைக்கவசமே. பின்னர்க் கணவனுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, குழந்தைகளை அவனிடம் ஒப்படைத்து, தம்பி ஜானியுடன் வெளியேறுகிறாள். நால்வருள் எஞ்சிய பென், இரு பக்கத்தையும் சேராமல் நாட்டை விட்டே பிரான்சுக்குச் செல்கிறான். ஒரு சட்டம் நான்கு பேரை மூன்று திசைகளில் பிரித்துவிட்டது. இதே காலத்தில் நால்வர் குழுவின் சொந்த இதழை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, பென்னின் இந்நடுநிலையை அலட்சியமாகவன்றித் துயரமாகவே வரைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ரீட் தன் செயலுக்குக் கூறும் காரணம், டுவெய்ன் மெக்டஃபி எழுதிய 542ஆம் இதழில் வருகிறது. ஐசக் அசிமோவின் புனைகதைகளில் வரும் உளவரலாற்றியல் என்னும் கற்பனைத் துறையை அவன் உண்மைக் கணிதமாக்கி, சட்டம் இல்லையெனில் கோடிக்கணக்கானோர் அழிவர் என்று சமன்பாடுகளால் கண்டறிந்திருக்கிறான். 1973இல் மகனைக் குறித்துப் போட்ட கணக்கும் 2006இல் உலகைக் குறித்துப் போட்ட கணக்கும் ஒன்றே. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னரும் அதனைப் போடுபவன் அவன் ஒருவனே. அது மனைவிக்குத் தெரியாமலே போடப்படுகிறது. வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியும் பாத்திரத்தின் அறக்குறை மாறாது வருவது தொடர்கதை வடிவத்தின் நினைவாற்றலுக்குச் சான்றாகும்.

முடிவுக்கு வருவோம். ஏழாம் இதழின் இறுதிப்போரில் சூசனை நோக்கி வந்த குண்டின்முன் ரீட் பாய்ந்து தன் உடலில் ஏற்கிறான். போரை நிறுத்துவோர் பொதுமக்கள். தீயணைப்பு வீரர் முதலிய எளியோர் தம்மைப் பிடித்து இழுக்கவே, தாம் காக்க வந்தவர்களுக்கே தாம் தீங்காகிவிட்டதை உணர்ந்து கேப்டன் அமெரிக்கா சரணடைகிறார். பின்னிகழ்வுகளின் பெரும்பகுதி ரீட் சூசனுக்கு எழுதும் கடிதத்தின் வழியாகவே நமக்குக் கூறப்படுகிறது. யாருக்கு மன்னிப்பு கிட்டியது, சட்டம் எவ்வாறு நிலைபெற்றது, நாடெங்கும் என்ன மாறியது என்பனவெல்லாம் திரும்பி வந்துவிடு என்று கணவன் மனைவியிடம் இறைஞ்சும் கடிதத்திற்குள் வைத்துத் தரப்படுகின்றன. சூசன் திரும்புகிறாள். 543ஆம் இதழில் இருவரும் தம் இல்லறத்தைச் செப்பனிடச் சிறிதுகாலம் விலகிச் செல்ல, அண்மையில் மணம் புரிந்த பிளாக் பேந்தரும் ஸ்டார்மும் அவர்கள் இடத்தை நிரப்புகின்றனர்.

இரு கடிதங்களையும் அருகருகே வைத்து நோக்குக. முதற்கடிதம் ஒரு மரணத்தால் எழுதப்பட்டது. இரண்டாம் கடிதம் அம்மரணத்திற்கு விடை கூறவில்லை. ரீட் தன்னுயிரை ஈடுவைத்தது மனைவிக்காக. ஆனால் அவன் கடன்பட்டிருந்தது ஃபாஸ்டருக்கு. கடன் ஒருவருக்கு, ஈடு வேறொருவருக்கு. புறத்தில் நிகழ்ந்த பிழைக்கு அகத்தில் கழுவாய் தேடப்பட்டது.

ஊடலன்று, பிரிவு

இவ்விடத்தில் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் சில கருத்தாக்கங்கள் துணைசெய்யும். ‘எம்மிடம் இது முன்னரே உண்டு’ என நிறுவுவது என் நோக்கமன்று. ஒப்பாய்வு என்ற பெயரில் அவ்வழியை நாம் மிகுதியாகவே நடந்துவிட்டோம். ஒரு கருவி தான் பிறந்த நிலத்திற்கு வெளியிலும் வெட்டுமா என்று பார்ப்பதே என் நோக்கம்.

ஊடல் மருதத்தின் உரிப்பொருள். கூடல் முன்னும் பின்னும் நிற்க, இடையில் வருவது அது. முடிவில் தீரும் என்ற உறுதியின்மேல்தான் அது எழுகிறது. தலைவனின் பிழை தலைவிக்கே இழைக்கப்பட்டது. ஆதலால் அதை மன்னிக்கும் உரிமையும் தலைவிக்கே உண்டு. வாயில்கள் வருவர், தலைவன் பணிவான், அவள் சினம் தணிவாள். இவ்விலக்கணத்துள் 1974இன் நேமோர் நாடகம் ஓரளவு அடங்கும்: காதற்போட்டியாளனே வாயிலாக வரும் புதுமையோடு.

சூசனின் 2006ஆம் ஆண்டுப் பிரிவு இவ்விலக்கணத்துள் அடங்காது. அவள் நீங்கக் காரணம் பரத்தமையோ புறக்கணிப்போ அன்று. மூன்றாமவர் ஒருவரின் கொலை. அவள் செல்லும் இடம் தாய்வீடன்று, எதிரணிப் பாசறை. தொல்காப்பியம் ஓதல், பகை, தூது முதலியவற்றின்பொருட்டு நிகழும் பிரிவுகளைக் கூறுகிறது. அவை தலைவனின் பிரிவுகள். பகையின்பொருட்டு, அதுவும் கணவன் நிற்கும் அணிக்கெதிராக, தலைவி பிரிவது அவ்வகைப்பாட்டில் இல்லை. இதற்கு ‘அறப்பிரிவு’ என்று பெயரிடலாம் எனக் கருதுகிறேன். அறப்பிரிவின் இலக்கணம் இரண்டு: ஒன்று, பிழை பிரிபவருக்கு இழைக்கப்பட்டதன்று, இரண்டு, ஆதலால் அதனை மன்னிக்கும் உரிமை பிரிபவருக்கு இல்லை.

இரண்டாவது கூறே முதன்மையானது. சூசன் கணவனை மீண்டும் ஏற்கலாம். அது அவள் விருப்பம். ஃபாஸ்டரின் கொலையை அவள் மன்னிக்க இயலாது, அது அவளுடையதன்று. கதை இவ்விரண்டையும் ஒரே கதவுக்குள் நுழைத்துவிடுகிறது. அவள் வீட்டிற்குள் கால் வைத்ததும், வெளியே நின்ற வழக்கும் தள்ளுபடியாகிவிடுகிறது. அறப்பிரிவாகத் தொடங்கியது ஊடலாக முடிகிறது.

பேகனும் பாண்டியனும்

இல்லறப் பூசல் பொதுவறத்தைத் தொடும்போது நம் பழம்பனுவல்கள் அதனை எவ்வாறு கையாண்டன? இரண்டு சான்றுகளை மட்டும் காண்போம்.

புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் வையாவிக் கோப்பெரும் பேகன், துறக்கப்பட்ட மனைவி கண்ணகி ஆகியோர் தொடர்பானவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் பாடியுள்ளனர். கணவன் மனைவி பிரிவே பொருளாயினும் பெயர் சுட்டப்பட்டதால் இவை அகமாகாமல் புறத்துள் வைக்கப்பட்டன. பெருந்திணை எனத் திணையும் குறுங்கலி எனத் துறையும் வகுக்கப்பட்டன. பெயர் சுட்டியதும் ஒருவரின் இல்லறம் பொதுவழக்காகிவிடுகிறது என்பது இவ்வகைப்பாட்டின் உட்கருத்து. மயிலுக்குப் போர்வை ஈந்தவனிடம் மனைவிக்கு இரங்கும் அருள் எங்கே போயிற்று என்பது புலவர்களின் வினா. தமக்குப் பரிசில் வேண்டா, நீ அவளிடம் செல்வதே பரிசில் என்கின்றனர். பொதுவெளியில் ஈட்டிய புகழ் வீட்டினுள் இழைத்த பிழையை மறைக்க அவர்கள் இடந்தரவில்லை. ‘சிவில் வார்’ இதற்கு நேர்மாறானது: அங்கு வீட்டினுள் காட்டிய அன்பு பொதுவெளியில் இழைத்த பிழையை மறைக்கிறது. பேகனைப் பாடியோர் போன்ற புலவர் எவரும் ரீடுக்கு வாய்க்கவில்லை.

இரண்டாவது சான்று சிலம்பு. கண்ணகிக்கு இருவர் பிழை செய்தனர். கோவலன் பிழை அவளுக்கே இழைக்கப்பட்டது. அவன் திரும்பி வந்தபோது சிலம்பைத் தர முன்வந்ததோடு அக்கணக்கை அவள் முடித்துவிடுகிறாள். பாண்டியன் பிழை நீதிக்கு இழைக்கப்பட்டது. அக்கணக்கை அவள் அரசவையில் சான்று காட்டி வழக்குரைத்தே முடிக்கிறாள். அங்கே அவளுக்கு விடை கூறும் கடமை அரசனுக்கு இருந்தது. தன் பிழை தெளிந்த நொடியில் அவன் உயிர் நீத்தான். ஒரு கணக்கின் வரவு மற்றொரு கணக்கில் வைக்கப்படவில்லை. பதிகமும் அரசியலில் பிழைத்தோர்க்கு அறம் எமனாவதையும், பத்தினி போற்றப்படுவதையும் வெவ்வேறு கருத்துகளாகவே எண்ணிச் சொல்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

தொடர்கதை முடிவற்றது; பாத்திரங்கள் நிறுவனத்தின் உடைமை; அடுத்த மாதமும் இதழ் விற்கவேண்டும்; ஆதலால் இணைப்பு கட்டாயம் எனச் சிலர் கூறலாம். இது இணைப்பு நேர்ந்தமைக்குக் காரணமாகலாம். வினா மறைந்தமைக்குக் காரணமாகாது. சூசன் திரும்பிய பின்னும் அவ்வழக்கை இருவருக்கிடையே உயிரோடு வைத்திருக்க முடியும்.

தொடர்கதை வடிவத்தால் அது முடியும் என்பதற்கு மார்வெலிலேயே சான்று உண்டு. 1981இல் ஜிம் ஷூட்டர் எழுதி பாப் ஹால் வரைந்த ‘அவெஞ்சர்ஸ்’ 213ஆம் இதழில், குழுவின் விசாரணைக்கு உள்ளான ஹாங்க் பிம், தன் பெயரை மீட்கத் தீட்டிய வஞ்சகத் திட்டத்தைக் கண்டுகொண்ட மனைவி ஜேனட்டை அறைகிறான். அவன் குழுவை இழக்கிறான், மணமும் முறிகிறது. தற்செயலாகக் கை பட்டதாகவே தாம் எழுதியதாகவும், ஓவியம் அதனைப் பெரிதாக்கிவிட்டதாகவும் ஷூட்டர் பின்னாளில் விளக்கினார். ஆயினும் அந்த ஒரு கட்டத்தை வாசகர்கள் மறக்கவில்லை. பின்வந்த ஆசிரியர்களும் மறக்கவிடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிம் அந்த அறையைச் சுமந்தே நடக்கிறான், அது சரியானதே. தோரின் போலியுருவை ஆக்கிய மூவருள் ஸ்டார்க்கும் ரீடும் தவிர மூன்றாமவன் இப்பிம்மே என்பதும், பில் ஃபாஸ்டர் முதன்முதலில் பிம்மின் ஆய்வக உதவியாளராகவே கதைக்குள் வந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. மனைவியை அறைந்ததை நினைவில் வைத்த வடிவம், தன் முன்னாள் உதவியாளரின் சாவில் அவனுக்கிருந்த பங்கை அவ்வளவு நினைவில் வைக்கவில்லை.

பின்வந்த கதைகளில் ஃபாஸ்டரின் உறவினன் டாம் ஃபாஸ்டர் நீதி கேட்டு வருகிறான் என்று சுட்டலாம். உண்மையே. நாயகர் கதைகளின் விளிம்பில் அமைந்த அப்பகுதியை வளர்த்தவருள் மெக்டஃபியும் ஒருவர் என்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. அவர் ஓர் கறுப்பின எழுத்தாளர். மையக்கதை கைவிட்ட வழக்கு விளிம்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதே இதன் பொருள். அது மையக்கதையின் பிழையை மறுக்கவில்லை, உறுதிசெய்கிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு. ரீட் தன் உயிரையே ஈந்தானே, அதைவிடக் கழுவாய் என்ன வேண்டும் என்பது. மனைவிக்காகக் குண்டேற்பது காதல், அதில் ஐயமில்லை. ஆனால் காதல் எவ்வளவு ஆழ்ந்ததாயினும், அது பொறுப்பேற்பு ஆகாது. ‘நான் கணக்கிட்டேன், என் கணக்கு ஒருவரைக் கொன்றது’ என்று ஃபாஸ்டரின் சுற்றத்தார் முன் அவன் சொல்லியிருந்தால், அது உயிரீகையினும் கடினமான செயலாக இருந்திருக்கும்.

நிறைவுரை

சூசனின் பிரிவைக் குழந்தைகளை விட்டுச் சென்ற தாயின் கதையாகவும், கோபித்துச் சென்று திரும்பிய மனைவியின் கதையாகவும் வாசிப்பது எளிது. கதையின் முடிவே அவ்வாறு வாசிக்கத் தூண்டுகிறது. பெயரளவில் சிறுமியாயிருந்தவள் பெண்ணாகி, விசைக்கவசம் எழுப்பி ஓர் அணியையே காத்து, ஒரு சட்டத்திற்கு எதிராக நின்றாள். முடிவில் அவள் உடல் புலப்படுகிறது. அவள் எழுப்பிய வழக்கு புலப்படாமற் போகிறது.

இதை அமெரிக்கக் கதையின் குறையாக மட்டும் கண்டு நாம் அமைதி கொள்ளலாகாது. பாண்டியன் அவையில் கண்ணகி ஆற்றியது ஒரு வழக்குரை. காதையின் பெயரே அதுதான். சான்றுப்பொருளை உடைத்துக் காட்டி, தவறான தீர்ப்பை அரசன் முன்னிலையில் மெய்ப்பித்த செயல் அது. நம் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் அது பெரும்பாலும் கற்பின் ஆற்றலாக விளக்கப்படுகிறது. அவ்வாறு விளக்கும்போது வழக்காடியவள் மறைந்து பத்தினி மட்டும் எஞ்சுகிறாள். நீதி பற்றிய வினா இல்லறப் புகழுள் கரைகிறது. பதிகம் பிரித்து எண்ணியதை நாம் ஒன்றாக்கிவிடுகிறோம். மில்லரின் ஏழாம் இதழ் சூசனுக்குச் செய்ததும் நம் உரைகள் கண்ணகிக்குச் செய்வதும் வகையால் ஒன்றே.

ஆதலால் இல்லறப் பூசல் இடம்பெறும் எப்பனுவலையும் ஆராய்வோர் ஒரு வினாவை முதலில் எழுப்பிக்கொள்வது நலம்: பிழை யாருக்கு இழைக்கப்பட்டது? மனைவிக்கெனில் அது ஊடல், அவள் தீர்த்துக்கொள்வாள். மூன்றாமவருக்கெனில் அது அறப்பிரிவு; கணவனும் மனைவியும் கைகோத்த பின்னும் அவ்வழக்கு முடியாது. 38 மனைகளில் கிடக்கும் பில் ஃபாஸ்டருக்கு இன்னும் எவரும் கடிதம் எழுதவில்லை.